பனம்பழம் விழுந்தது, பெயரைக் கேட்டீர்களா?

கேள்வி: ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த பெண்ணோடு ஐந்து மணி நேரம் பேசிக்கொண்டு வந்தேன். நெருங்கிய நண்பர்களிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். இறங்கும்போது பெயர்கூடக் கேட்கவில்லை. இரண்டு மாதமாக அதே நினைப்பு. முன்பின் தெரியாத ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்துக் காதல் வருமா? நடுவில் அவர் கண்ணயர்ந்தபோது எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. சமூக வலைத்தளத்தில் போட்டு, 'இவரைத் தெரியுமா' என்று கேட்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வரும். வராமல் என்ன? இன்றைக்குப் பிள்ளை குட்டியோடு இருக்கிற எத்தனையோ ஜோடிகள், 'அன்றைக்கு மட்டும் அந்த வண்டியை விட்டிருந்தால்' என்றுதான் தங்கள் கதையை ஆரம்பிக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது உண்டு. ஆனால் விழுந்த பழத்தை யாராவது குனிந்து எடுக்க வேண்டும்.

நம் அக இலக்கணக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். யாருடைய ஏற்பாடும் இல்லாமல் தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதற்கு இயற்கைப் புணர்ச்சி என்று பெயர். இருவரையும் கூட்டிவைத்தது விதி என்கிறார் தொல்காப்பியர். 'கண்டதும் காதல்' பேசுகிறவர்கள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த துறைக்கு, அதாவது காதலின் அடுத்த கட்டத்துக்கு, வாருங்கள். அதன் பெயர் இடந்தலைப்பாடு. முதல் நாள் கண்ட அதே இடத்துக்கு மறுநாள் தலைவன் போய்ப் பார்க்கிறான், அவளும் அங்கே வந்திருக்கிறாள். முதல் சந்திப்பை விதி கணக்கில் எழுதலாம். இரண்டாவது சந்திப்புக்கு நான்கு கால்கள் நடந்து வந்திருக்கின்றன. அதற்கும் அப்புறம் தோழனின் உதவி, தோழியின் உதவி என்று ஏகப்பட்ட வேலை பாக்கி இருக்கிறது. நீங்களோ முதல் துறையிலேயே ரயிலை விட்டு இறங்கிவிட்டீர்கள்.

சரி, அன்றைக்கு உங்களுக்கு வந்தது காதல்தானா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடிக்கொண்டிருக்கும் கேப்பிலானோ தொங்கு பாலம். அதைக் கடக்கும் ஆண்களை ஒரு பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். உறுதியான வேறொரு பாலத்திலும் இப்படியே செய்தார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு அவளை அழைத்தார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை, அவளுக்காக அடித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆட்கள் கொஞ்சம்தான், இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் இடம் செய்கிற வேலையை ஆள் மேல் ஏற்றிவிடுகிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

ரயிலில் பள்ளத்தாக்கு இல்லை. அங்கே வேறொன்று இருக்கிறது: இறங்கும் இடம். நெருங்கியவர்களிடம் மறைப்பதை அந்நியரிடம் மனிதர்கள் கொட்டிவிடுவதை ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் 1908இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். காரணம் எளிது. அவர் நம் அப்பாவிடம் போய்ச் சொல்லப்போவதில்லை, நாளைக் காலையில் நம் முகத்தைப் பார்க்கப்போவதும் இல்லை. இறங்கிப் போய்விடுவார் என்பதால்தான் வாய் திறக்கிறது. பாரத்தை இறக்கி வைத்தால் மனசு லேசாகும். அந்த லேசு எதிரே இருந்தவரால் வந்ததா, இறக்கி வைத்ததால் வந்ததா என்று அன்றைக்கே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இன்னொரு முறை சந்தித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இங்கே அச்சிட்டது சுருக்கம், வந்தது மூன்று பக்கம். வேலையை விட்டது, அண்ணனோடு பேச்சு நின்றுபோனது, பழைய காதல் என்று அவரிடம் நீங்கள் சொன்னதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. அவர் சொன்னதாக எதுவும் இல்லை. எங்கே போய்க்கொண்டிருந்தார், யாரைப் பார்க்க, என்ன வேலை பார்க்கிறார், உங்களிடம் திருப்பி என்ன கேட்டார்? இரண்டு முறை தேடிப் படித்தேன். கையில் நீலக் கயிறு கட்டியிருந்தார் என்பது மட்டும் கிடைத்தது.

படத்தைப் போடலாமா என்றால், கூடவே கூடாது. அவர் தன் ஊரை, பெயரை உங்களிடம் சொல்லவில்லை. மறந்தும் இருக்கலாம், வேண்டாமென்று நினைத்தும் இருக்கலாம். எதுவானாலும் ஊரைக் கூட்டி அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. தூங்குகிறவரைக் கேட்காமல் படம் எடுத்ததே தப்பு. நாளைக்கு அவர் வீட்டிலோ அலுவலகத்திலோ அதைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். அவர் கண்ணயர்ந்தாரே, அப்போது பேசிக்கொண்டிருந்தது யார்?