திரும்புதலும் திருத்துதலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞானஸ்நானமும், முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலும் பெற்றவன் நான். சென்னைக்கு வந்தபின் சுயாதீன ஜெபக்கூடம் ஒன்றுக்குச் சென்றுவந்தேன். சென்ற ஆண்டு அம்மாவின் அடக்க ஆராதனையில் பழைய ஜெபங்களையும் பாமாலைகளையும் கேட்டதிலிருந்து தாய்ச்சபைக்குத் திரும்பும் எண்ணம் வலுத்திருக்கிறது. ஆனால் சபைத் தேர்தல்களில் சாதி பார்த்து அணி சேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திருத்தும் நோக்கத்தோடு ஒரு சபைக்குள் நுழைவது கபடமாகாதா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

கபடமாகாது. நீங்கள் திரும்ப விரும்பும் சபையே, தங்கள் சபைகளைத் திருத்த விரும்பியவர்களால் உருவானதுதான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய திருச்சபை ஊழியர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள், பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு முன்நின்றவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். மிஷனெரிகள் இந்திய ஊழியர்களிடம் நட்போடு பழகுவதில்லை என்பதை 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், அந்த மிஷனெரிகள் நிறைந்திருந்த அவையிலேயே சொன்னவர். சொன்னபின் அவர் வெளியேறவில்லை; இறுதிவரை அதே சபையின் நற்கருணைப் பந்தியில் இருந்துகொண்டே உழைத்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, அவர் மறைந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

வெளியேறியவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1857-இல் நாடார் சமூகக் கிறிஸ்தவரான சட்டாம்பிள்ளை மிஷனெரிகளை விட்டுப் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். மிஷனெரி கால்டுவெல் 1849-இல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூல் உண்டாக்கிய காயமும் அந்தப் பிரிவின் பின்னணியில் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அவர் விட்டுச் சென்ற சபையில் அதிகாரம் இந்தியர் கைக்கு வருவதற்கு, உள்ளே தங்கியவர்கள்தான் தலைமுறைகளாக உழைக்க வேண்டியிருந்தது.

சாதியைப் பற்றிய உங்கள் வேதனை மிகப் பழையது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை எதிர்த்துச் சபையை விட்டு விலகினார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நீங்கள் அதே குறையை எழுத நேர்கிறதென்றால், மேலிருந்து வரும் ஆணை மட்டும் போதாது என்றே கொள்ள வேண்டும். ஆனால் சபை தன்னைத் தானே அளந்துகொள்ளும் கோல் அதன் ஆராதனைக்குள்ளேயே இருக்கிறது. 1950-இல் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து (நற்கருணை) ஆராதனை ஒழுங்கில், குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் கையை ஒருவர் பற்றி, வரிசை வரிசையாகச் சமாதானம் கடத்தப்படுகிறது. ஒருவரின் கையைப் பற்றிச் சமாதானம் வாங்கியவர், அவர் பிறந்த சாதிக்காக அவருக்கு வாக்களிக்க மறுப்பது தாம் செய்த ஆராதனையையே மறுப்பதாகும். உங்கள் கண்டனம் இந்த இடத்திலிருந்து எழட்டும். அப்போது அதை வெளியாளின் குற்றச்சாட்டு என்று யாரும் தள்ளிவிட முடியாது. இதே திருச்சபைதான் 1976-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கி, 2013-இல் நந்தியாலுக்கு ஒரு பெண்ணைப் பேராயராக்கியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நடைமுறையில் சில காரியங்கள். ஊர்ச்சபையில் பெயரை வைத்துக்கொண்டு தேர்தலுக்கு மட்டும் போய்வர வேண்டாம்; சென்னையில் ஞாயிறுதோறும் போகக்கூடிய சபையில் உறுப்பினராகுங்கள். காணிக்கையைத் தவறாமல் செலுத்துங்கள். கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில் மரியாதையோடு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டும் கேளுங்கள். சபை உங்களை நன்கு அறியும்வரை எந்தப் பதவிக்கும் நிற்காதீர்கள். ஜெபக்கூடத்துப் போதகரிடம் நேரில் சொல்லி, அவருடைய ஆசியோடு விடைபெறுங்கள். அங்கே பழகிய அன்றாட வேதவாசிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் சபைகளுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.