ஆற்றோரப் பாதை ஏன் சமமாக இருப்பதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சரளைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவது பற்றித் தாங்கள் எழுதிவந்த குறிப்புகளைப் படித்த ஊக்கத்தில், காட்டுக்குள் ஓடும் ஓர் ஆற்றை ஒட்டி 78 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதை ஒன்றை நானே வரைந்துகொண்டேன். ஆற்றோரமாகவே போகும் பாதை என்பதால் ஏற்றம் அதிகம் இருக்காது என்று நம்பினேன். செயலியும் மொத்த ஏற்றம் 540 மீட்டர் என்றுதான் காட்டியது. ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று புறப்பட்டவன், ஒன்பது மணி நேரம் கழித்து இருட்டில் திரும்பினேன். சிறு சிறு ஏற்றங்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன. ஒரு வளைவில் சரளை உருண்டு முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். 50ஆவது கிலோமீட்டரில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால், வேறு பாலம் தேடிச் சுற்றிப் போக நேர்ந்தது. 40 மில்லிமீட்டர் டயர் பூட்டிய நல்ல வண்டிதான். பிழை என் வண்டியிலா, உடலிலா, திட்டத்திலா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தங்கள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வண்டியிலும் பிழையில்லை, தங்கள் உடலிலும் பிழையில்லை. பாதையை வரையும்போது தாங்கள் ஆற்றை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆற்றில் வந்து சேரும் ஓடைகளைப் பார்க்கவில்லை. தாங்கள் சொல்லும் மூன்று துன்பங்களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால், ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஆறு சீராகத்தான் இறங்குகிறது. ஆனால் பாதை ஆற்றின் மேல் போவதில்லை. வெள்ளம் எட்டக்கூடாது என்பதற்காகப் பாதை போட்டவர்கள் அதைக் கரையிலிருந்து சற்று மேலே, மலைச்சரிவில் வெட்டியிருப்பார்கள். அந்தச் சரிவை அரித்துக்கொண்டு பக்கத்து ஓடைகள் ஒவ்வொன்றும் ஆற்றை நோக்கி இறங்குகின்றன. ஆகவே ஒவ்வோர் ஓடையிலும் பாதை பள்ளத்துக்குள் இறங்கி, தண்ணீரைக் கடந்து, மறுபக்கம் ஏறியாக வேண்டும். ஓர் ஓடைக்கு 20 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டாலும், 30 ஓடைகளுக்கு 600 மீட்டர் ஆகிவிடுகிறது. அதிலும் இவை குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள். பள்ளத்தின் அடியில் ஈரமும் உதிரிக் கல்லும் கிடப்பதால் இறங்கிவந்த வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஏற முடியாது. பிரேக் பிடித்து, கியரை இறக்கி, ஏறக்குறைய நின்ற நிலையிலிருந்து மிதிக்க வேண்டும். ஒரே மூச்சில் 600 மீட்டர் ஏறுவதைவிட முப்பது தவணையாக ஏறுவது கால்களை அதிகம் களைப்படையச் செய்கிறது என்பது என் அனுபவம்.

இதை வரைபடத்திலேயே கண்டுகொள்ள முடியும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் ஆப்பு வடிவில் மடங்கும். அந்த ஆப்பின் முனை எப்போதும் ஓடை வருகிற மேட்டுப் பக்கத்தைக் காட்டும். பாதை நெடுக அப்படிப்பட்ட மடிப்புகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். செயலி காட்டிய 540 மீட்டரைவிட அந்த எண்ணிக்கை நம்பகமானது. பல வரைபடங்களுக்கு அடிப்படையாக இருப்பது, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு. அதில் ஏறத்தாழ 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம்தான் உண்டு. அடர்ந்த காட்டில் ரேடார் அலை தரையை முழுமையாக எட்டாமல் மரத்தலைகளிலேயே பெருமளவு திரும்பிவிடுகிறது. 15 மீட்டர் அகலமுள்ள ஓர் ஓடைப்பள்ளம், மேலே மரங்கள் கவிந்திருந்தால், அந்தத் தரவில் இல்லாமலே போய்விடும். செங்குத்தான சரிவுகளில் இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கும்: வரைந்த கோடு உண்மைப் பாதையிலிருந்து சில மீட்டர் விலகினாலே இல்லாத ஏற்றங்கள் கணக்கில் ஏறிவிடும்.

ஓடைகளைத் தவிர்க்க விரும்பினால் நீர் பிரியும் மேட்டின் முகட்டுப் பாதையைத் தேடுங்கள். ஓடைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன; ஆகையால் கடப்பதற்கு அங்கே ஓடைகளே இருக்காது. முதலில் நீண்ட ஏற்றம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். உடல் புதிதாக இருக்கும் காலையில் முகட்டுக்கு ஏறிவிட்டு, திரும்பும்போது பள்ளத்தாக்கில் இறங்குவதையே நான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன். முகட்டில் குடிநீர் கிடைக்காது என்பது ஒன்றே இதன் குறை.

ஆற்றோரத்திலேயே உண்மையில் சமமாகப் போகும் பாதை ஒரு வகை உண்டு. அது கைவிடப்பட்ட ரயில் தடம். ரயில் எஞ்சின் ஏற்றத்தைத் தாங்காது என்பதால் சாதாரண ரயில் பாதைகளின் சரிவு 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பள்ளங்களின் மேல் பாலமோ மண்கரையோ கட்டித்தான் அவற்றைப் போட்டார்கள். 1897இல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் இருபது பேர், மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்றார்கள். சாலைகள் சேறாகிப்போன இடங்களில் அவர்கள் தண்டவாளத் தடத்தைத்தான் நாடினார்கள். கட்டைகளின் மேல் குலுங்கியபடி ஓட்டிய அந்த மனிதர்களை, சீர்செய்யப்பட்ட ரயில் தடங்களில் போகும்போதெல்லாம் நான் மரியாதையுடன் நினைத்துக்கொள்கிறேன்.

இனி, தாங்கள் விழுந்தது. சரளை என்று ஒரே சொல்லால் அழைத்தாலும் அதில் இரண்டு இனம் உண்டு. உடைத்த ஜல்லிக்குக் கூர்முனைகள் இருப்பதால், பொடியும் கலந்திருந்தால், கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். ஆற்றுப்படுகையிலிருந்து அள்ளிப் போட்ட கூழாங்கல்லோ, தண்ணீரில் உருண்டு உருண்டு மழுங்கியது. அது எத்தனை ஆண்டுகள் மிதிபட்டாலும் இறுகாது. டயருக்கு அடியில் உருண்டுகொண்டே இருக்கும். ஆற்றோரப் பாதைகளுக்குப் பக்கத்தில் கிடைத்ததையே அள்ளிப் போடும் வழக்கம் உண்டு என்பதால், தாங்கள் விழுந்த வளைவிலும் கூழாங்கல்தான் கிடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதன் மேல் போகும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடக்கூடாது. வண்டிகளின் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்துக் கல் விலகிய தடம் எதுவோ, அதிலேயே ஓட்டுங்கள். டியூப் இல்லாத டயராக இருந்தால் காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு, தங்கள் எடையைப் பொறுத்துச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ, வைத்துப் பாருங்கள். டியூப் உள்ள டயரில் அவ்வளவு இறக்கினால் கல்லில் இடித்து டியூப் நசுங்கி பஞ்சராகிவிடும்.

மழை பெய்தால் மேற்கண்ட கணக்கெல்லாம் மாறிவிடும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் 34 பேருடன் தொடங்கி, இன்று சரளைப் பந்தயங்களிலேயே மிகப் புகழ்பெற்றதாகிவிட்ட அன்பவுண்ட் பந்தயத்தில், 2023ஆம் ஆண்டு களிமண் சேறு சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு, தேர்ந்த வீரர்களே வண்டியைத் தோளில் தூக்கி நடந்தார்கள். வெள்ளம் வடிந்த பின் ஆற்றுச் சமவெளியில் படியும் வண்டலும் அப்படித்தான் ஒட்டும். மழைக்கு அடுத்த நாள் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, நீர் விரைவில் வடியும் மேட்டுப் பாதைகளைத் தேர்ந்தெடுங்கள்.

தரைப்பாலம் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஆற்றைச் சுற்றி வட்டப்பாதை வரைகிறவர் எவரும் குறைந்தது இருமுறை ஆற்றைக் கடந்தாக வேண்டும். அந்த இரண்டு இடங்களில் ஒன்று மூடிக்கிடந்தால் என்ன செய்வது என்பதை, வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். வரைபடத்தில் எல்லாப் பாலங்களையும் குறித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள். உயர்ந்த பாலம் எது, தரைப்பாலம் எது, வெறுமனே நீரில் இறங்கிக் கடக்கும் துறை எது என்று தனித்தனியே குறியுங்கள். பனி உருகி வரும் ஆறுகளில் விடியற்காலையில் நீர் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கும். மழையாறுகளிலோ, தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே, மேற்பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து வந்து சேரும்.

ஓடும் நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஒருமுறை முழங்கால் அளவுதானே என்று நான் வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நடு ஓடையில் காலடிக் கல் புரண்டது. வண்டியைக் கைவிட்டுத்தான் கரையேற முடிந்தது. அன்றிலிருந்து, அடி தெரியாத ஓடும் நீரில் முழங்கால் அளவு இருந்தாலும் இறங்குவதில்லை. தாங்கள் தரைப்பாலத்தில் இறங்காமல் சுற்றிப் போனது மிகச் சரியான முடிவு. அதற்காகச் செலவான நேரத்தை எண்ணி வருந்தவே வேண்டாம்.

தங்களால் முடியுமானால் அதே வட்டத்தை எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். அப்போது தரைப்பாலம் 28ஆவது கிலோமீட்டரில், பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். கடக்க முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்பினாலும் மொத்தம் 56 கிலோமீட்டர்தான் ஆகும், வெளிச்சமும் மிச்சமிருக்கும். ஏழு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஓடைப்பள்ளங்கள் எத்தனை இருந்தன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்