கடிக்கும் நாய்க்குட்டி: கேள்வி பதில்

பல்லடம்: ஐயா, நாற்பது நாள் குட்டியொன்றை எடுத்து வந்தோம். விரலைக் கண்டாலே கடிக்கிறது. அதன் குணமே அப்படியா?

குணமன்று, தாயைவிட்டு முன்னதாகப் பிரிந்ததே காரணம். மூன்றாவது வாரம் முதல் பால்பற்கள் முளைக்கின்றன. உடன்பிறந்தவற்றோடு விளையாடுகையில் அழுத்திக் கடித்தால் கடிபட்ட குட்டி வீறிட்டு விலகிவிடும், தாயின் மடியைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும் என்பதைக் கண்டுகண்டே குட்டி தன் தாடையை அடக்கக் கற்கிறது. எட்டு வாரமாவது தாயோடு விடுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். இனி அந்தப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும். பல் அழுந்தியதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கையை அசைக்காமல் மெதுவாக விடுவித்து, எழுந்து, கதவுக்கு அந்தப்புறம் அரை நிமிடம் நில்லுங்கள். திரும்பி வந்து பழைய துணி முடிச்சொன்றை நீட்டி, அதைக் கவ்வினால் தட்டிக்கொடுங்கள். வீட்டில் ஒருவர் விலக, இன்னொருவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினால் எத்தனை மாதமானாலும் பலிக்காது. ரத்தம் கசிந்தால் உடனே கழுவி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கோபி: மாலையானால் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து ஆட்டம் போடுகிறது.

தூக்கம் போதவில்லை. குட்டி நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம்வரை தூங்க வேண்டும். அரவமில்லாத மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவிடுங்கள்.

ஈரோடு: ஐந்து மாதக் குட்டி செருப்பையும் நாற்காலிக் காலையும் விடுவதில்லை.

28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் வரும் பருவம் இது; ஈறு நமைக்கும். ஈரத்துணியை முறுக்கி உறைய வைத்து, அருகிலிருந்து கடிக்கக் கொடுங்கள். வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம். அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

வெள்ளகோவில்: எங்களுக்கு வேண்டியது ஆட்டுப் பட்டிக் காவலுக்கு நாய். கடியை நிறுத்திவிட்டால் தெருநாய்க் கூட்டத்தை அது எப்படி விரட்டும்? கடிக்கிற குட்டியைத்தான் எங்கள் அப்பாரு தேடி எடுப்பார்.

கிளுவை வேலியைத் தாண்டி வந்த நாய்கள் ஒரே இரவில் பட்டியைக் குலைத்துப் போட்டதை விடியலில் போய்ப் பார்த்தவன் நான். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் காவல் வேறு, கடி வேறு. அந்நிய வாடை பட்டதும் குரைத்து ஆளை எழுப்புவதே பட்டி நாயின் முதல் வேலை. அது ஆட்டோடு வளர்ந்த பற்றில் வருவது. மனிதக் கையில் அளவறியாமல் பழகிய பல், நாளை ஆட்டுக்குட்டியின் மேலும் பதியும். எங்கள் பட்டிக்கு வந்த நாய்க்குட்டி முதல் வாரமே மேச்சேரி இன ஆட்டுக்குட்டியொன்றின் காதைக் கவ்வி இழுத்தது. தாயாடு தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டியது. நானும் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிப் படலுக்கு வெளியே விட்டேன். பத்தே நாளில், அசைபோட்டுப் படுத்திருந்த அதே ஆட்டின் விலாவில் முகவாயை வைத்து உறங்கியது.

தாராபுரம்: வெள்ளகோவில்காரர் சொல்வதே சரி. கட்டியே வைத்து, மிளகாய்த்தூள் கலந்த சோறு போட்டால்தான் ரோசம் வரும்.

வருவது வயிற்றெரிச்சல். ஓயாமல் சங்கிலியில் கிடக்கும் நாய் அச்சத்தால் கடிக்கும். அதற்குத் திருடனும் ஒன்றுதான், உங்கள் பேரனும் ஒன்றுதான். தயவுசெய்து நிறுத்துங்கள்.

காங்கேயம்: மூக்கில் ஒரு தட்டுத் தட்டினால் போதாதா?

இன்று மூன்றாம் முறையாக இக்கேள்வி வருகிறது. அடிக்காதீர்கள். அடித்த கை நெருங்கினாலே கடிக்கும்.

உடுமலை: மகளின் மணிக்கட்டில் பல் கீறி ரத்தம் வந்தது. குட்டிதானே என்று மஞ்சள் வைத்தோம்.

இப்போதே அதைக் கழுவுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் குறிக்கும் நாட்களில் ஒன்றையும் தவறவிடாமல் ஊசி போடுங்கள். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் குட்டிக்கும் வரும். அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் தடுப்பூசி போட்டீர்களா?

நாமக்கல்: சாதுவான குட்டி நேற்றிலிருந்து எச்சில் ஒழுகக் கண்டதையெல்லாம் கடிக்கிறது. எப்படிப் பழக்குவது?

பழக்கும் நேரமன்று. தொடாமல் அறையில் அடைத்து, உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இந்த நிமிடமே தகவல் சொல்லுங்கள். அது கடித்தவரும் அதன் எச்சில் காயத்தில் பட்டவரும் உடுமலைக்குச் சொன்னபடி உடனே செய்யட்டும்.