குதிரை இருக்கட்டும், முதலில் டாக்டர் யார் என்று கேளுங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தம்பிக்கு 29 வயது. ஆறு வருஷமாகக் குடி. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது. இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். இரண்டு முறையும் பாதியில் வந்துவிட்டான். இப்போது ஒருவர் போனில் பேசுகிறார். குதிரை சிகிச்சையாம், மருந்தே கிடையாதாம். 90 நாள், 3 லட்சம், முன்பணம் 1 லட்சம். அவன் வர மறுத்தாலும் ராத்திரி வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்களாம். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆடு, மாடு, நாய் என்றால் உயிர். சேர்க்கலாமா?"

உங்கள் தம்பிக்குக் குதிரையால் பலன் கிடைக்கலாம். ஆனால் இந்த இடத்தில் சேர்க்க வேண்டாம். முன்பணமும் கட்டாதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்கிறீர்கள். அவருடைய மூளையும் நரம்பும் சாராயம் உள்ளே இருந்தால்தான் அமைதியாக இருக்கும் நிலைக்குப் போய்விட்டன என்று அதற்கு அர்த்தம். இப்படிப்பட்டவரை ஒரே நாளில் குடியை நிறுத்தச் செய்தால் சில மணி நேரத்தில் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், அக்காவையே யாரென்று கேட்பார், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். இதைத் தாண்ட மருத்துவமனையில் சில நாட்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பழைய, மலிவான சிகிச்சைதான். எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் செய்யக்கூடியது.

ஆகவே "மருந்தே கிடையாது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அந்த நான்கு நாளை எப்படிக் கடத்துவார் என்று கேளுங்கள். உண்மையில் இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, மருந்து கொடுத்துவிட்டு உங்களிடம் மறைப்பார்கள். இல்லையென்றால் ஓர் அறையில் போட்டுப் பூட்டுவார்கள். குதிரையைப் பக்கத்தில் நிறுத்தினால் வலிப்பு நிற்காது.

சரி, குதிரை என்ன செய்யும்?

வெளிநாடுகளில் போதை மீட்புக்காகக் குதிரையைப் பயன்படுத்தும் பல இடங்களில் சவாரியே கிடையாது. வேலையெல்லாம் தரையில் நின்றுதான். லாயத்தைச் சுத்தம் செய்வது, தண்ணீர் வைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கயிற்றைப் பிடித்து நடத்திப் போவது. குளம்பைச் சுத்தம் செய்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம். தோள் பக்கம் நின்று, காலில் மேலிருந்து கீழே மெதுவாகக் கையை இறக்கி, கணுக்காலுக்கு மேலே லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கொடுக்காது. எடையை அந்தக் காலிலேயே வைத்து நின்றுவிடும். 400 கிலோ எடையுள்ள பிராணியை யாரும் மிரட்டித் தூக்க வைக்க முடியாது. அந்த இடத்தில் நம் ஆள் என்ன செய்கிறார் என்பதைத்தான் ஆலோசகர் பார்த்துக்கொண்டிருப்பார். கோபப்படுகிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா, மூச்சை இழுத்து விட்டு மறுபடி முயல்கிறாரா? அப்புறம் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார். "வீட்டில் அக்கா பணம் தர மாட்டேன் என்றபோதும் இப்படித்தான் செய்தீர்களா?" என்று அங்கிருந்து பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சுதான் சிகிச்சை. அது இல்லாவிட்டால் மெரினாவில் காசு கொடுத்து ஒரு ரவுண்டு போய் வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

குதிரை மனதைப் படிக்கும், நோயை இழுத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேட்டைக்குப் பயந்து வாழ்ந்த இனம். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. பக்கத்தில் நிற்பவரின் நடை, உடம்பின் விறைப்பு, குரல் மாறினால் உடனே கவனிக்கும். காதைப் பின்னால் மடக்கும், விலகும். அவ்வளவுதான் விஷயம், அதுவே போதுமானதும்கூட.

பலன் இருக்கிறதா என்றால், நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. போதை சிகிச்சையில் இருந்த 108 இளைஞர்களைப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு குதிரைப் பயிற்சியும் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் சிகிச்சையை முடித்தார்கள். எடுக்காதவர்களில் முடித்தவர்கள் 14 சதவீதம். ஆனால் இவர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. தங்கி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களே குதிரைப் பக்கம் போயிருக்கலாம். இதிலிருந்து குதிரை குடியை நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. சிகிச்சையை விட்டு ஓடாமல் இருக்க உதவக்கூடும் என்று மட்டும் சொல்லலாம். இரண்டு முறை பாதியில் வந்தவர் உங்கள் தம்பி. பிராணிகள் மேல் பிரியம் உள்ளவர். அவருக்கு இது பொருந்தும் என்று நான் நினைப்பது அதனால்தான். ஆஸ்லோவிலும் குதிரை மருத்துவமனை சிகிச்சைக்கு மேலேதான் வந்தது, அதற்குப் பதிலாக அல்ல.

எப்போது ஆரம்பிக்கலாம்? நடுக்கம் அடங்கி, மயக்கம் தரும் மாத்திரைகள் நின்ற பிறகு. வலிப்பு வந்தவர் என்றால் குதிரை மேல் ஏறவே வேண்டாம், தரை வேலை போதும். கல்லீரலையும் ரத்தத் தட்டணுக்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட குடியில் தட்டணு குறைந்திருந்தால் சின்ன அடியும் பெரிய ரத்தக்கசிவு ஆகும். பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குடியால் கால் நரம்பு மரத்துப் போயிருப்பவர் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார். குதிரை பாதத்தில் மிதித்தாலும் அவருக்கு உடனே உறைக்காது. கெட்டியான ஷூ இல்லாமல் லாயத்துக்குள் விடக்கூடாது. குதிரைச் சாணத்திலும் அந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும் என்பதால் ஊசியும் போட்டிருக்க வேண்டும். உங்களிடம் போனில் பேசியவர் இதில் ஒன்றையாவது கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

ஏனென்றால் அவர் பெரும்பாலும் மையத்தின் ஊழியரே அல்ல. ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் வாங்கும் ஏஜென்ட். நெட்டில் "குடி மறுவாழ்வு மையம்" என்று தேடி ஒரு படிவத்தில் நம்பர் கொடுத்தால் போதும், அரை மணியில் நாலு பேர் கூப்பிடுவார்கள். எல்லோருமே "டாக்டர் டீம்" என்பார்கள். டாக்டர் பெயரையும் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அப்படி மாற்றினால் போனை வைத்துவிடுங்கள்.

சான்றிதழ் கேட்டால் ஏதோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். டிரஸ்ட் பதிவு, ஐஎஸ்ஓ, சிறுதொழிலுக்கு ஆன்லைனில் வாங்கும் உத்யம் சான்றிதழ். இவற்றில் எதுவும் சிகிச்சை நடத்துவதற்கான அனுமதி அல்ல. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். அதிலும் தற்காலிகப் பதிவு என்று ஒன்று உண்டு. விண்ணப்பித்த பத்து நாளில், நேரில் ஆய்வு ஏதும் செய்யாமலே கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஒரு வருஷம் செல்லும். ஒரு டீக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து எட்டிப்பார்க்கிறார். மனிதர்களைப் பூட்டி வைக்கக்கூடிய இடத்துக்குப் பார்க்காமலே காகிதம் கொடுக்கிறார்கள். இதை எத்தனை கூட்டத்தில் எத்தனை பேர் சொல்லியாகிவிட்டது, யாருக்கும் உறைக்கவில்லை. அதனால் அந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. தற்காலிகமா நிரந்தரமா என்று கேளுங்கள். பகலில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். குதிரையையும் பாருங்கள். விலா எலும்பு தெரிகிற, முதுகில் சேணப் புண் ஆறாத குதிரையை வைத்திருப்பவர்கள் மனிதரை எப்படி வைத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ராத்திரி வண்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன.

விருப்பம் இல்லாத ஒருவரை அக்கா கையெழுத்துப் போட்டதால் மட்டும் தூக்கிப்போக யாருக்கும் உரிமை இல்லை. முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு, சட்டத்தின் 89-ஆவது பிரிவு. அதன்படி சேர்க்க வேண்டுமானால் அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். அவர் யாரையும் நியமிக்காவிட்டால் உறவினரான நீங்களே அந்தப் பிரதிநிதியாக இருக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ பார்த்திருக்க வேண்டும். அவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிலையிலோ, மற்றவர்கள் மீது வன்முறை காட்டும் நிலையிலோ, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கும் நிலையிலோ இருக்கிறார் என்று இருவருமே முடிவுக்கு வர வேண்டும். "தினமும் குடிக்கிறான், மானம் போகிறது" என்பது காரணம் ஆகாது. அப்படிச் சேர்த்தாலும் 30 நாள்தான். ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அந்த வாரியத்தில் முறையிடலாம். 30 நாளுக்கு மேல் வைக்க வேண்டுமானால் அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. இந்தச் சட்டம் வந்த பிறகும் ஒருவர் முதல் நாளே "90 நாள் பேக்கேஜ், வெளியே விட மாட்டோம்" என்றால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே மீறுகிறார். சங்கிலியால் கட்டுவதற்குச் சட்டத்தில் முழுத் தடை. அதற்கு விதிவிலக்கே கிடையாது.

"அதுவரைக்கும் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று ஒரு பொடி அனுப்புகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து அது. டாக்டர் மேற்பார்வையில், தெரிந்து சாப்பிடுபவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து, ஆளே போய்விடலாம்.

என்ன செய்யலாம்? 14446 என்ற போதை மீட்பு இலவச எண்ணிலோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணிலோ பேசுங்கள். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறைக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். அங்கே கூட்டமாக இருக்கும், ஒரு சீட்டுக்கு மூன்று ஜன்னல் அலைய விடுவார்கள், எனக்கும் அதில் கோபம்தான். ஆனாலும் வலிப்பு வந்தால் பார்க்க அங்கே டாக்டர் இருப்பார். அதுவரை வீட்டில் நீங்களாகவே திடீரென்று குடியை நிறுத்த வைக்காதீர்கள்.

நடுக்கம் அடங்கியபின் குதிரைக்கு வருவோம். நம் பக்கத்தில் குதிரை வைத்துப் பயிற்சி தரும் சில இடங்கள் பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கானவை. போதைக்கு என்று கேட்டால் தயங்குவார்கள். தம்பியைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்து, ஆலோசகர் ஒருவர் கூட வருவதாக இருந்தால் பேசிப் பார்க்கலாம். வாரம் ஒன்றிரண்டு முறை, வீட்டிலிருந்தே போய் வரலாம். அதற்கு 3 லட்சமும் வேண்டாம், 90 நாள் பூட்டும் வேண்டாம். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். சொந்தக்காரர் வீட்டு மாட்டுக்குக் காலையில் தண்ணீர் காட்டும் பொறுப்பைக் கொடுத்தாலும் நாள் ஒழுங்குக்கு வரும். அதைச் சிகிச்சை என்று நான் சொல்ல மாட்டேன், கவுன்சலிங்கும் மாத்திரையும் கூடவே தொடர வேண்டும்.

முன்பணம் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம்.