வீடியோவுக்குக் கைக்கு எட்டிய விலையில் ஒரு முக்காலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலைக் கோணேசர் ஆலயத் திருவிழாக் காட்சிகளையும் பாடசாலைக் கலைவிழாக்களையும் வீடியோவில் பதிவுசெய்து வருகிறேன். என்னிடம் கெனன் 200டி கமராவும் 18-55, 55-250 ஆகிய இரண்டு லென்ஸ்களும் உள்ளன. படம் எடுப்பதற்கென முன்பு வாங்கிய ட்ரைபொட்டில் கமரா அசையாமல் நிற்கிறது. ஆனால் சுவாமி வீதிவலம் வரும்போது கமராவைத் திருப்பினால் காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது. 30,000 ரூபாவுக்கு மேல் என்னால் செலவிட இயலாது. ஆறடி உயரம், பத்துக் கிலோ தாங்கும் என்று பெட்டியில் எழுதப்பட்ட ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பத்துக் கிலோ என்பது அந்த முக்காலி முறியாமல் சுமக்கக்கூடிய பாரம். அதன்மேல் வைத்த கமரா சீராகத் திரும்புமா என்பதற்கு அதில் விடை இல்லை. உங்கள் கமரா, 55-250 லென்ஸ், ஒரு சிறிய மைக் எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு கிலோதான் வரும். அந்தப் பாரத்தைச் சாதாரணக் கால்களே தாங்கிவிடும். உங்கள் வேலைக்குக் குறையாக இருப்பது, கால்களின் மேல் கமராவைத் தாங்கித் திருப்பும் பகுதியான தலைதான். ஆகவே கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி தலைக்கே போக வேண்டும்.

காட்சி வெட்டி வெட்டி நகர்வதற்கு உங்கள் கையைக் குறைசொல்லத் தேவையில்லை. படம் எடுப்பதற்கான தலைகளில் இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று நேரடியாக உரசியபடி திரும்புகின்றன. நிற்கும் பரப்பை அசைக்கத் தேவைப்படும் விசை, அசையத் தொடங்கியபின் தேவைப்படும் விசையைவிட அதிகம் என்பதால், கைப்பிடியை மெல்லத் தள்ளும்போது முதலில் எதுவும் நடக்காது, பிறகு தலை சட்டென்று விடுபட்டு முன்னே பாயும், மீண்டும் பிடித்துக்கொள்ளும். வீடியோவுக்கென அமைந்த ஃபுளூயிட் தலையில் அந்தப் பரப்புகளுக்கு இடையே மிகத் தடித்த கிறீஸ் போன்ற ஒரு பசை இருக்கிறது. வேகமாகத் தள்ளத் தள்ள அந்தப் பசை அதிகமாக எதிர்ப்பதால், கையின் சிறு உதறல்கள் கமராவைச் சென்றடையாமல் அங்கேயே அடங்கிவிடுகின்றன. மலிவான தலைகள் பலவற்றில் ஃபுளூயிட் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது சிறிது கிறீஸ் பூசிய பிளாஸ்டிக் வளையங்களாகவே இருக்கலாம். அதனால்தான் எழுத்தைப் பார்த்து வாங்காமல் கையால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

கடைக்கு உங்கள் கமராவையும் 55-250 லென்ஸையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். 18 மில்லிமீற்றரில் உங்கள் கமரா ஏறக்குறைய 63 பாகை அகலத்தைப் பார்க்கிறது. 250 மில்லிமீற்றரிலோ சுமார் 5 பாகையை மட்டுமே பார்க்கிறது. தலை ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு நழுவினால், 1920 புள்ளி அகலமுள்ள வீடியோவில் முதல் லென்ஸில் அது மூன்று புள்ளி நகர்வாக மறைந்துபோகும். இரண்டாவதில் நாற்பதுக்குச் சற்றுக் குறைந்த புள்ளிகள் நகர்ந்து எவர் கண்ணுக்கும் தெரியும். ஆகவே லென்ஸை 250இல் வைத்து, தெருவின் எதிர்ப்பக்கத்திலுள்ள ஒரு பெயர்ப்பலகையின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு கைப்பிடியை விட்டுவிட்டுத் திரையை மட்டும் கவனியுங்கள். மோசமான தலையில் கடைசி எழுத்து ஒரு கணம் தயங்கி, வந்த வழியே சற்றுப் பின்வாங்கும். அடுத்ததாக, கமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டை இறுக்கிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எழுத்து திரையில் மெல்ல மேலே ஏறினால் தலை தொய்கிறது என்று பொருள். இந்த இரண்டு குறைகளில் எது தென்பட்டாலும் அந்த முக்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே மாதிரியில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று தளர்வாகவும் அமைவது இந்த விலையில் வழமை என்பதால், பெட்டியில் மூடிய வேறொன்றைத் தருகிறேன் என்றால் அதையும் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள்.

அதற்கு முன், வீட்டில் இருக்கும் முக்காலியைத் தலைகீழாகப் பிடித்து, தலை கால்களோடு சேரும் இடத்தைப் பாருங்கள். தலையை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வருமானால், உள்ளே பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு இருக்கும்; கமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலத் திருகுத் துளை. அப்படியானால் கால்களை வைத்துக்கொண்டு ஒரு சிறிய ஃபுளூயிட் தலையை மட்டும் வாங்கலாம். முழு முக்காலிக்குச் செலவிடும் பணத்தைத் தலைக்கு மட்டும் கொடுக்கும்போது கிடைக்கும் தரம் வேறு. பென்ரோவின் எஸ் 2 போன்ற, 2.5 கிலோவுக்கென அமைந்த சிறு தலை உங்கள் கமராவுக்குப் பொருந்தும். அதைவிடப் பெரிய தலைகளைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டாம். பெரிய தலைகளின் உள்ளே கமராவைத் தூக்கிப்பிடிக்கும் வில் ஒன்று இருக்கும். நான்கைந்து கிலோவுக்கென அமைந்த அந்த வில், ஒரு கிலோக் கமராவைக் கீழே சாய்த்ததும் மேலே தள்ளிவிடும். மான்ஃபுரொட்டோ போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் வீடியோத் தலைகள் நல்லவையே. ஆனால் புதிதாக வாங்க உங்கள் தொகை போதாது.

தலை கழலாவிட்டால், வெய்ஃபெங் முதலிய சீன நிறுவனங்களின், இரட்டைக் குழாய்க் கால்களும் கால்களை நடுவே இணைக்கும் விரிப்பும் உள்ள வீடியோ முக்காலிகளைப் பாருங்கள். உயரத்தைக் கணக்கிடும்போது நடுத்தண்டை ஏற்றாமல், கால்களை மட்டும் நீட்டி, கமரா உங்கள் கண்மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். நடுத்தண்டை முழுவதும் உயர்த்தினால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கோணேசர் மலையில் ஒரு காட்சிகூட ஆடாமல் கிடைக்காது.

மலையில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாறை சமமாக இல்லாதபோது, நாம் கமராவை மட்டும் நேராக்கிவிட்டுத் திருப்பத் தொடங்கினால், முதலில் நேராகத் தெரிந்த அடிவானம் திரும்பத் திரும்பச் சரிந்துகொண்டே போகும். வேறு ஊரில் மரமும் வீடும் அதை மறைத்துவிடும். நம்மூரில் கடல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கமராவின் சாய்வைச் சரிசெய்வதால் இது தீராது. தலையின் அடிப்பகுதியே மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டக் குமிழி தலையின் அடிப்பகுதியில், அதாவது சாயும் பகுதிக்குக் கீழே அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். 75 மில்லிமீற்றர் கிண்ணத்தில் தலை அமரும் வகை உங்கள் தொகைக்குள் கிடைத்தால் அதையே எடுங்கள். அடியிலுள்ள பிடியைத் தளர்த்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினால் போதும், கால்களோடு போராட வேண்டியதில்லை. சரிவில் ஒரு காலை மேட்டுப் பக்கமும் இரண்டு கால்களைத் தாழ்ந்த பக்கமும் வைத்தால் முக்காலி கவிழாது.

வாங்கிய பிறகு, கமரா முக்காலியில் இருக்கும்போது 55-250 லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு ஆளியை அணைத்துவிடுங்கள். நாம் வேண்டுமென்றே திருப்புவதையும் அது கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு முதலில் தடுக்கும், பிறகு விட்டுவிடும்; அதனால் நல்ல தலையும் கெட்ட தலைபோலத் தெரியும். திரையின் ஒரு விளிம்பில் தோன்றும் பொருள் மறு விளிம்பைச் சேர ஏழு விநாடி ஆகும் அளவுக்கு மெதுவாகத் திருப்புவது பழைய ஒளிப்பதிவாளர்கள் பின்பற்றும் அளவு. சுவாமி வரும் வேகத்துக்கு அது நன்றாக ஒத்துப்போகும்.

கேள்வி: நான் வீடியோ எடுப்பது கைத்தொலைபேசியில் மட்டும்தான். எங்கள் ஊர் மீனவர்களையும் விவசாயிகளையும் பேட்டிகண்டு பதிவிடுகிறேன். செல்ஃபிக் கோலோடு வரும் சிறிய கால்கள் போதுமா?
– வாசகர், மூதூர்

பதில்: அறைக்குள் மேசைமேல் வைத்து எடுக்கப் போதும்; வெளியில் போதாது. அந்தக் கால்களின் விரிவு மிகக் குறைவு என்பதால், கோலை நெஞ்சளவு உயர்த்தினாலே சிறு காற்றுக்கும் சாய்ந்துவிடும். பேட்டியில் கமரா பெரும்பாலும் திரும்புவதில்லை; ஆகவே உங்களுக்கு ஃபுளூயிட் தலை தேவையில்லை. சாதாரணப் புகைப்பட முக்காலி ஒன்றையும், 1/4 அங்குலத் துளையுள்ள நல்ல கைத்தொலைபேசிப் பிடி ஒன்றையும் வாங்குங்கள். பிடியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வில்லை மட்டும் நம்பியிருக்கும் பிளாஸ்டிக் பிடியைவிட, திருகி இறுக்கும் உலோகப் பிடி பாதுகாப்பானது. பேசுபவர் அமர்ந்திருந்தால் முக்காலியையும் அவருடைய கண்மட்டத்துக்கு இறக்குங்கள். நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த பேட்டி, அனுபவம் மிக்க ஒருவரைச் சிறியவராகக் காட்டிவிடும்; அது அவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

கேள்வி: திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் முக்காலியை நிறுத்தி எடுக்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம். படகின் ஒவ்வொரு ஆட்டத்தையும் இயந்திர அதிர்வையும் முக்காலி அப்படியே கமராவுக்குக் கடத்திவிடும். உடன் வருபவர்களும் காலில் தடுக்கி விழுவார்கள். படகில் நம் முழங்கால்களும் இடுப்பும்தான் அந்த ஆட்டத்தை உள்வாங்கிக்கொள்ளும். கமராவைக் கையில் பிடித்து, முழங்கையை உடலோடு சேர்த்து, இம்முறை லென்ஸின் அதிர்வுத் தடுப்பை இயக்கி எடுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் தமது பழைய வீடியோ முக்காலியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். கமராவைப் பொருத்தும் பிளேட் மட்டும் தொலைந்துவிட்டதாம். பழையதை நம்பி வாங்கலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: நல்ல நிறுவனத்தின் பழைய தலை, அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுத் தலையைவிடப் பெரும்பாலும் மேலானது என்பதால் இந்த வாய்ப்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஆனால் பிளேட் இல்லாத தலையில் கமராவை வைக்கவே முடியாது. ஒரு நிறுவனத்தின் பிளேட் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. மான்ஃபுரொட்டோ 501 வகையைச் சேர்ந்த நீண்ட பிளேட்டை வேறு நிறுவனங்களும் செய்வதால் அது எளிதில் கிடைக்கும். வேறு வகையானால், பொருந்தும் பிளேட்டைக் கையில் வாங்கிய பிறகே முக்காலிக்குப் பணம் கொடுங்கள். நீண்ட பிளேட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பாரமான லென்ஸ் இருக்கும்போது கமராவைப் பின்னே தள்ளிச் சமன்செய்யலாம்; சமன் வந்துவிட்டால் கைப்பிடியை விட்டாலும் கமரா தலைகவிழாது.

தலையைச் சோதிக்கும் முறையை உப்புவெளி வாசகிக்குச் சொல்லியிருக்கிறேன். பழையதில் அதற்கு மேலாக, திரும்பும் மூட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கசிந்திருந்தால் உள்ளே பசை குறைந்துவிட்டது. அதை இங்கே திருத்திக்கொள்வது கடினம். இடப்பக்கம் திரும்பும்போதும் வலப்பக்கம் திரும்பும்போதும் எதிர்ப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். கால் பூட்டுகள் தளர்ந்திருந்தால் அது பெரிய குறையல்ல. பெரும்பாலானவற்றில் பக்கத்திலுள்ள திருகை அலன் கீயால் சற்று இறுக்கினால் சரியாகிவிடும். ரப்பர் பாதங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கூர்முனைகளோடு மண்டபத்தினுள்ளோ கோயில் தரையிலோ முக்காலியை நிறுத்தினால் தரையைக் கீறிவிடும். அடுத்த முறை உங்களுக்கு மட்டுமல்ல, வேறு எவருக்கும் அனுமதி கிடைக்காமல் போகும்.

கேள்வி: கடற்கரையில் கரைவலை இழுப்பதை அடிக்கடி எடுக்கிறேன். முக்காலியின் கால்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் கடினமாகி, மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. தேங்காயெண்ணெய் விட்டும் பயனில்லை.
– வாசகர், திருக்கடலூர்

பதில்: உப்பு அலுமினியத்தை அரிப்பதால் வருவதே அந்த வெள்ளைப் பொடி. தேங்காயெண்ணெயை நிறுத்திவிடுங்கள், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளடைவில் பிசுபிசுத்துக் குழாய்களை ஒட்டவைக்கும். முறுக்கிப் பூட்டும் வகையானால் பூட்டைக் கழற்றிக் கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுங்கள். உள்ளிருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, நல்ல தண்ணீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். முழுவதும் காய்ந்த பின் புரிகளில் மட்டும் மிக மெல்லியதாக சிலிக்கன் கிறீஸ் தடவுங்கள். தலையைத் தண்ணீரில் அமிழ்த்தவோ அதற்குள் துரு நீக்கும் தெளிப்பான்களை அடிக்கவோ கூடாது. உள்ளேயிருக்கும் பசை கரைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

புதிதாக வாங்குவதானால், கடற்கரை வேலைக்கு நெம்பித் திறக்கும் பூட்டுகளையே சொல்வேன். மணல் புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், கழுவ எளிது. வழக்கமாகத் தடித்த குழாயை முதலில் நீட்ட வேண்டும் என்பார்கள். உறுதிக்கு அதுவே சரி. ஆனால் அலை தொடும் இடத்தில் கடைசிக் குழாயை முதலில் முழுவதும் நீட்டுங்கள். கீழ்ப் பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். மணலில் கால்களை அழுத்தி அமர்த்திய பிறகு, நடுத்தண்டின் கொக்கியில் ஒரு பையைக் கொளுவி அதில் மணலை அள்ளிப் போடுங்கள். பை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி அதுவே படத்தை ஆட்டும். வீடு திரும்பியதும் அன்றைக்கே கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டிய நிலையிலேயே நிழலில் காயவிட்ட பிறகு மடக்கி வையுங்கள்.