மூளையில் எழுதியிருக்கிறதா?

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் ஆண்டுப் பெடியன் ஒருவன், அறுவடை நேரம் மூட்டை ஏற்றப் போன இடத்தில் பியர் பழகிவிட்டான். கூப்பிட்டுக் கேட்டால் அழுகிறான். அடுத்த கிழமையும் குடிக்கிறான். சிலருக்கு மூளையே அப்படித்தான், முன்கூட்டியே படம்பிடித்துச் சொல்லிவிடலாம் என்று வாசித்தேன். அப்படியென்றால் நாங்கள் புத்தி சொல்லி என்ன பயன்?

ஓர் ஆசிரியை, கிளிநொச்சி மாவட்டம்

அன்புள்ள ரீச்சர்,

நீங்கள் வாசித்தது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. அமெரிக்காவின் சான் டியேகோவில், குடியே பழகாத 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து ஒரு வேலை கொடுத்தார்கள். திரையில் வட்டமும் சதுரமும் மாறிமாறி வரும். வந்ததும் பொத்தானை அமத்த வேண்டும். சின்னச் சதுரம் வந்தால் மட்டும் கையை அடக்கவேண்டும். பிறகு குடிக்கப் போன பிள்ளைகளின் பழைய படங்களைப் பார்த்தால், கையை அடக்கும் அந்தக் கணத்தில், நெற்றிக்குப் பின்னால் இருந்து ஆசையை அடக்கப் பார்க்கும் முன்மூளையும் வேறு சில பகுதிகளும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வேலை செய்திருந்தன. 2011 இல் வந்த முடிவு இது.

மிச்சப் பாதி 2013 இல் வந்தது. கடுமையாகக் குடிக்கத் தொடங்கியவர்களைச் சில வருடம் கழித்துத் திரும்பப் படமெடுத்தால் தலைகீழ்: அதே சதுரத்துக்குக் கையை அடக்க, இப்போது அவர்களின் மூளை மற்றவர்களைவிடக் கூடுதலாக மினக்கெட வேண்டியிருந்தது.

இரண்டுமே சிறு குழுக்களின் சராசரிதான். உங்கள் பெடியனைப் படுக்கவைத்து ‘இவன் குடிகாரன் ஆவான்’ என்று சொல்லும் இயந்திரம் எங்கேயும் இல்லை.

எனக்கு வயதுதான் முக்கியமாகப் படுகிறது. 1997 இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்னரோ குடிக்கத் தொடங்கியவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 பேர். வயது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; அடங்காத சுபாவமே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் முன்மூளை முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை தள்ளிப்போட்டால் யாருக்கு என்ன நட்டம்?

உங்கள் முன்னால் அவன் அழுதது நடிப்பில்லை. அந்த நேரம் அவன் மனதார வேண்டாம் என்றுதான் நினைக்கிறான். பின்னேரம் வெட்டு மெசின் நின்றபிறகு, கூலிக் காசோடு ஒரு பியர் ரின்னையும் நீட்டி, “குடியடா, மேல்நோவுக்கு நல்லம்” என்று நாலு பேர் சிரிக்கும்போது மறுக்கிற பலம்தான் அவனிடம் இல்லை. நீட்டியது யார் என்று கேட்டீர்களா? 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது இலங்கையின் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்கிறவனைப் பிடிக்கலாம்; சும்மா கொடுக்கிற மாமாவை யார் பிடிப்பது?

அதனால் புத்தியைப் பெடியனுக்குக் குறைத்து, கூலிக்குக் கூட்டிப்போகிறவருக்குச் சொல்லுங்கள். காசைத் தாயின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கிழமைக்குக் கிழமை தொடர்ந்தால் மாவட்ட ஆசுப்பத்திரியின் உளநலப் பிரிவுக்குத் தாயோடு போங்கள். “என்ர பிள்ளைக்கு விசரோ?” என்று அவர் பதறக்கூடும், போவதற்கு முன்பே அதை ஆறுதலாகக் கதைத்துவிடுங்கள்.