ஆறு போர்ஷன் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஆறு போர்ஷன் உள்ள பழைய வீடு ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு வருகிறது. மொத்த வாடகை மாதம் 48,000. கையில் 50 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். வாங்கலாமா?

2016-இல் அதே பக்கம் ஐந்து போர்ஷன் வீடு ஒன்றை வாங்கி, இன்றுவரை அதோடு மாரடித்துக்கொண்டிருப்பவன் நான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் கிட்டத்தட்ட 10 லட்சம் அங்கேயே போய்விடும். ஆகவே கடன் 60 இல்லை, 70 லட்சம். 8.5 சதவீத வட்டிக்கு 20 வருடம் என்றால் மாதத் தவணை 60,700 சொச்சம். வருகிற வாடகையோ 48,000. ஆறு போர்ஷனும் நிரம்பியிருந்தாலே மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கைக்காசு போடவேண்டும். ஒன்று காலியானால் இருபதாயிரம். 'வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும் சார்' என்று புரோக்கர் சொல்லியிருப்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்.

வரியில் பிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, கடன் வட்டியும் கழியும். முதல் வருடம் உங்களுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி நஷ்டம் காட்டும். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது.

நான் சூடுபட்டது அட்வான்ஸில். குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸ் பணம் இப்போது விற்பவரிடம் இருக்கிறது. வீடு கைமாறியபின் அதைத் திருப்பித் தரவேண்டியது நீங்கள். எனவே விலையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுக்கவேண்டும். நானும் கழித்தேன், ஆனால் விற்றவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நம்பி. பத்திரம் முடிந்த மூன்றாம் மாதம் பின்கட்டுப் போர்ஷனில் இருந்த ஆட்டோக்காரர் காலி செய்வதாகச் சொல்லி, 70,000 கேட்டார். என் சீட்டில் 40,000 என்று இருந்தது. "பெரியவருக்கு உடம்பு முடியாதப்போ மேல முப்பது வாங்கினாரே சார்" என்றார். நான் நம்பவில்லை. அவர் மனைவி உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளை எடுத்துவந்தார். பின்பக்கம் 'ரூ. 30,000 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, விற்றவரின் கையெழுத்து. பத்திரத்தில் ஆறு இடத்தில் பார்த்த அதே கையெழுத்து. கொடுத்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

நீங்கள் அக்ரிமென்ட் போடும் முன்பே ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போதிலிருந்து இருக்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதி, குடித்தனக்காரர், விற்பவர் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாடகையைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் மீட்டர் பலகையைப் பாருங்கள். பழைய வீடுகளில் மின் வாரியத்தின் மீட்டர் பெரும்பாலும் ஒன்றே ஒன்று இருக்கும், மற்றதெல்லாம் ஓனர் வாங்கி மாட்டிய சப்-மீட்டர். ஆறு குடும்பமும் ஒரே இணைப்பில் ஓடினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும், ஸ்லாப் ஏறி யூனிட் விலையும் கூடும். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் கிடைக்கும். சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் வசூலிக்கும் ஒவ்வொரு தடவையும் சண்டைதான். புது இணைப்பு வாங்கப் போகும்போது அனுமதி வரைபடத்தைக் கேட்டால், அங்கேதான் பூதம் கிளம்பும். இரண்டு வீட்டுக்கு அனுமதி வாங்கி ஆறாகத் தடுத்திருப்பார்கள். வங்கியின் இன்ஜினியரும் அனுமதியுள்ள கட்டடத்துக்கு மட்டும் மதிப்புப் போட்டால் உங்கள் 70 லட்சம் கடன் சுருங்கிவிடும். வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல் பார்ப்பார். வரைபடத்தை நீங்களே கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராக எண்ணுங்கள்.

தண்ணீர். காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். மோட்டார் யார் போடுகிறார்கள், மேல்தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, மாடிக் குழாயில் வருகிறதா என்று பாருங்கள். 2019 கோடையில் போர்வெல் வற்றி, எங்கள் தெருவே லாரியை நம்பிக் கிடந்தது. அந்த வருடம் என் லாபம் லாரியில்தான் போனது. அதற்கு நேர் எதிர் 2015 டிசம்பர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கின. தெருமுனைக் கடைக்காரரிடம் அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

வாங்கிவிட்டால் வாடகை ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும்.

சரி, வாங்கலாமா? இந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன். கடன் 45 லட்சத்தில் நின்றால் தவணை 39,000. ஒரு போர்ஷன் காலியானாலும் தாங்கும். அதற்கு விலை 87 லட்சத்துக்கு இறங்கவேண்டும். இறங்கமாட்டார்கள். ஆனால் அதில் ஒரு போர்ஷனில் நீங்களே குடியிருப்பதாக இருந்தால் கணக்கு வேறு. இப்போது நீங்கள் கொடுக்கிற வாடகை எவ்வளவு என்று எழுதுங்கள், அதையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம்.